இடம் மாறிய வாக்கியத்தில் ‘தன்’ யாருடையது, ‘அவள்’ யார்? இலக்கணக் கோட்பாடுகளை உரசிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தொழிலாளிக்காக முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கொழுந்தின் நிறை குறைந்துவிட்டதென்று சொல்லி ஒரு நாள் வேலையைப் பாதியாகக் கணக்கிட்டு ‘அரைப்பேர்’ போடுவதை மலையகத்தில் அறியாதவர் இல்லை. கடிதத்தின் நடுவில் நான் எழுதியிருந்த வாக்கியம் இது:

(1) தன் பேரைக் கங்காணி அரைப்பேராக எழுதிவிட்டதாக ராணி சொன்னார்.

கடிதத்தை வாங்கிப் படித்தவர் இந்த வரியில் நின்று, “கங்காணி தன்னுடைய பேரையா குறைத்துக்கொண்டார்?” என்று கேட்டார். “இல்லீங்க, என் பேரு” என்று ராணி அக்கா குறுக்கிட வேண்டியதாயிற்று. பிழை அவ்விருவருடையதும் அன்று, எழுதிய என்னுடையது. அந்த வாக்கியத்தில் கங்காணி, ராணி என்று இரண்டு எழுவாய்கள் இருக்கின்றன. ‘தன்’ இரண்டில் எதையும் பற்றிக்கொள்ளக்கூடியது. நானோ அதை இரண்டுக்கும் முன்னால், வாக்கியத்தின் தலைவாசலில் கொண்டுபோய் வைத்திருந்தேன். உயர்தர வகுப்பில் தமிழ் படிப்பிப்பவனுக்கு இது வெட்கமான விடயந்தான். ஆனால் இவ்வாறு இடம் பெயர்ந்த சொல்லின் பொருளை நாம் எப்படிக் கண்டுகொள்கிறோம் என்ற கேள்வி, கடந்த அரை நூற்றாண்டாக மொழியியலாளரை ஒன்றுக்கொன்று ஒவ்வாத கோட்பாடுகளாகப் பிரித்து வைத்திருக்கும் கேள்வி. அக்கோட்பாடுகளை நம் வாக்கியங்களைக் கொண்டே உரசிப் பார்ப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: இடம் பெயராத வாக்கியத்தை எழுதி வையுங்கள்

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வருவதால் சொற்களை இடம் மாற்றினாலும் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பது கெடுவதில்லை. ஆயினும் அழுத்தம் எதுவும் இல்லாதபோது எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையே இயல்பாக வருகிறது. சோதனைக்கு எடுக்கும் எந்த வாக்கியத்தையும் முதலில் இந்த வரிசையில் எழுதி வைத்துக்கொண்ட பின்னரே மாற்ற வேண்டும். ‘கமலா தன் மகளைத் திட்டினாள்’ என்பது மூலம்; ‘தன் மகளைக் கமலா திட்டினாள்’ என்பது பெயர்ந்தது. ‘கமலா திட்டியது தன் மகளைத்தான்’ என்ற பிளவு வாக்கியமும், பேச்சில் வரும் ‘திட்டினாள் கமலா, தன் மகளை’ என்பதும் பெயர்ந்தவைதாம்; எனினும் தொடக்கத்தில் முன்னால் வரும் பெயர்வை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: எந்தச் சுட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அவன், அவள், அவர், அது என்பவை சுட்டுப்பெயர்கள். தான், தாங்கள் என்பவை தற்சுட்டுப் பெயர்கள். இவை பெரும்பாலும் ஓர் எழுவாயைத்தான் நாடும், அந்த எழுவாய் தொலைவில் இருந்தாலும். ‘கமலாதான் வந்தாள்’ என்பதில் உள்ள ‘தான்’ தேற்றப்பொருள் இடைச்சொல். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இரண்டு பேராவது இதில் வழுக்கி விழுகிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

‘கொள்’ என்ற துணைவினையையும் கவனியுங்கள். ‘கமலா தன்னை நொந்துகொண்டாள்’ என்பதில் அந்தத் துணைவினை, ‘தன்னை’ என்பதை அதே வினையின் எழுவாயோடு கட்டிப்போடுகிறது. ‘தன்னைக் கமலா நொந்துகொண்டதாக ராணி சொன்னாள்’ என்று முன்னுக்குத் தள்ளினாலும் நொந்தவளும் நோகப்பட்டவளும் கமலாவே. ராணிக்கு அதில் இடமில்லை. என் கடிதத்தில் ‘எழுதிக்கொண்டதாக’ என்று இருந்திருந்தால், படித்தவர் கேட்ட கேள்விக்கு ஆம் என்பதே விடை. நான் எழுதியது ‘எழுதிவிட்டதாக’ என்றுதான், ஆனால் அவ்வளவு நுட்பமாகப் படிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

மூன்றாம் படி: சான்றுகளைத் திரட்டுங்கள்

கோட்பாட்டுக்குப் போகுமுன் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பின்வரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

(2) தன் மகளைக் கமலா திட்டினாள்.
(3) அவளுடைய மகளைக் கமலா திட்டினாள்.
(4) அவள் கமலாவின் மகளைத் திட்டினாள்.
(5) கமலாவின் மகளை அவள் திட்டினாள்.

(2)இல் மகள் கமலாவின் மகள்தான். ‘தன்’ கமலாவுக்கு முன்னால் வந்தது ஒரு தடையாகவே தோன்றவில்லை. (3)ஐக் கேட்டவுடன் வேறொரு பெண்ணின் மகள் என்றுதான் மனம் போகிறது. (4)இல் அவள் கமலாவாக இருக்கவே முடியாது. சிக்கல் (5)இல்தான். தனியாகச் சொன்னால் ‘அவள்’ வேறொருத்திபோலத் தோன்றும். ‘கமலாவின் மகளை யார் திட்டியது?’ என்று ஒருவர் கேட்க, ‘கமலாவின் மகளை அவளேதான் திட்டினாள்’ என்று பதில் வந்தால் பலர் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். (4)ஐ எந்தச் சூழலில் வைத்தாலும் அப்படி மீட்க முடிவதில்லை.

அடுத்தவை ‘ஒவ்வொரு’ என்ற சொல்லைக் கொண்டவை. இவற்றுக்குப் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மலையிலிருந்து இறங்கிவரும் தாய்மார் கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போகிறார்கள்.

(6) ஒவ்வொரு பிள்ளையையும் அதன் தாய் கூட்டிச் சென்றாள்.
(7) அதன் தாய் ஒவ்வொரு பிள்ளையையும் கூட்டிச் சென்றாள்.
(8) தன் பிள்ளையை ஒவ்வொரு தாயும் கூட்டிச் சென்றாள்.
(9) அவளுடைய பிள்ளையை ஒவ்வொரு தாயும் கூட்டிச் சென்றாள்.

(6) நாம் பார்த்த காட்சியை அப்படியே சொல்கிறது: பத்துப் பிள்ளைகளுக்குப் பத்துத் தாய்மார். (7) சொல்வது வேறு. ஏதோ ஒன்றின் தாய் ஒருத்தி எல்லாப் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு போகிறாள். பால் போஸ்டல் 1971இல் குறுக்குக்கடப்பு (தன்னைக் குறிக்கும் சுட்டைப் பெயர் தாண்டிச் செல்வது) என்று பெயரிட்டு ஆராய்ந்த நிகழ்வுகளின் குடும்பத்தில் இதுவும் ஒன்று. பின்வந்தோர் இந்த வகையை மென்குறுக்குக்கடப்பு என்ற பொருள்பட அழைக்கிறார்கள். (8) மீண்டும் காட்சிக்குப் பொருந்துகிறது. (9) பொருந்தவில்லை, அல்லது மிகச் சிரமப்பட்டே பொருந்துகிறது.

என் கணிப்பில் இந்த வழிகாட்டியின் முழுக் கனமும் (8), (9) என்ற இணையில் இருக்கிறது. இரண்டிலும் சொல்வரிசை ஒன்று, வினை ஒன்று, வேற்றுமை ஒன்று. மாறியது சுட்டு மட்டுமே. ஆகவே இடப்பெயர்வுக்கு ஒரே விதியை வைத்துக்கொண்டு எல்லாச் சுட்டுக்கும் பொருள் சொல்லப் புறப்படும் எந்தக் கோட்பாடும் இங்கே தட்டுத்தடுமாறும். தற்சுட்டு தன் எழுவாயை வாக்கிய அமைப்பில் தேடுகிறது. அது முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. சுட்டுப்பெயரோ கேட்கும் வரிசைக்குக் கட்டுப்பட்டது.

நான்காம் படி: ஒவ்வொரு கோட்பாட்டையும் அழைத்து வந்து நிறுத்துங்கள்

பெயர்வுக் கோட்பாட்டிலிருந்து தொடங்குவோம். வாக்கியத்தை ஒரு மரமாக வரைந்தால், ஒரு கணுவில் இரண்டு கிளைகள் பிரியுமிடத்தில் ஒரு கிளையாக நிற்கும் பெயர், எதிர்க்கிளையையும் அதற்குள் அடங்கிய எல்லாவற்றையும் ஆளும் என்று கொள்ளலாம். தான்யா ரைன்ஹார்ட் 1976இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில் இந்தக் கிளையாட்சி உறவை வரையறுத்து, ஒரு சுட்டு யாரைக் குறிக்கலாம் என்பதை முன்பின் வரிசையைவிட இந்த உறவே தீர்மானிக்கிறது என்று வாதிட்டார். நோம் சொம்ஸ்கி 1981இல் வெளியிட்ட பிணைப்புக் கோட்பாட்டில் மூன்று விதிகள் வந்தன. தற்சுட்டுக்கு அருகில் ஓர் ஆளும் பெயர் வேண்டும். சுட்டுப்பெயரை அதே சிறு தொடரெல்லைக்குள் அது குறிக்கும் பெயர் ஆளக்கூடாது. இயற்பெயரை அதே ஆளைக் குறிக்கும் எந்தச் சொல்லும் ஆளக்கூடாது. நம் ‘தான்’ தொலைவிலும் பிணைவதால் முதல் விதி தமிழுக்கு அப்படியே பொருந்துவதில்லை. (4) ஏன் கெட்டது என்பதை மூன்றாம் விதி அழகாகச் சொல்லிவிடுகிறது.

பெயர்ந்த வாக்கியத்துக்கு இந்தக் கோட்பாடு தரும் விளக்கம், பெயர்ந்த சொல் தன் பழைய இடத்திலும் இருந்துகொண்டே இருக்கிறது என்பது. முதலில் அதைத் தடம் என்றார்கள்; சொம்ஸ்கி 1990களில் முன்வைத்த சிற்றளவு நெறியில் அது முழுப் பிரதியாயிற்று. நாம் உச்சரிப்பது மேற்பிரதியை, பொருள் கொள்வது கீழ்ப்பிரதியில். இதன்படி (2)இன் உள்ளே ‘கமலா [தன் மகளை] திட்டினாள்’ என்பது உயிரோடிருக்கிறது. (8)உம் அவ்வாறே தீர்கிறது. கொண்டுகூட்டுப் பொருள்கோள் படித்த நமக்கு இது அந்நியமான எண்ணம் அன்று. செய்யுளில் அங்குமிங்கும் கிடக்கும் சொற்களை உரியவிடத்தில் கூட்டிப் பொருள்கொள்ளும் முறையை எட்டுப் பொருள்கோள்களில் ஒன்றாக நன்னூல் வைத்திருக்கிறது. உரையாசிரியர் மனத்தால் செய்ததை இவர்கள் வாக்கியமே தனக்குள் செய்வதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் கீழ்ப்பிரதியில் மட்டும் பொருள் கொண்டால் (5), (4)ஐப் போலவே கெட வேண்டும். (6) கூட (7)ஐப் போல ஆகிவிட வேண்டும். இதற்குத்தான் இரண்டாவது வாசல் ஒன்று திறக்கப்பட்டது. இந்தி வாக்கியங்களைக் கொண்டு அனூப் மகாஜன் 1990இல் காட்டியது, வாக்கியத்துக்குள் நிகழும் இடமாற்றம் இரண்டு வகைப்படும் என்பது: ஒன்றில் பெயர்ந்த சொல் புதிய இடத்திலிருந்தே ஆளத் தொடங்குகிறது, மற்றதில் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துப் பொருள் கொள்ளப்படுகிறது. (6)க்கு முதல் வகை, (2)க்கு இரண்டாம் வகை. நன்று. ஆனால் எந்த வாக்கியத்துக்கு எந்த வாசல் வேண்டுமோ அதைத் திறந்துகொள்ளலாம் என்றால் (3)உம் (9)உம் ஏன் சங்கடப்படுகின்றன? (3)ஐத் திருப்பி வைத்தால் ‘கமலா அவளுடைய மகளைத் திட்டினாள்’ என்றாகிறது. அதில் அவள் கமலாவாக இருக்கத் தடையேயில்லை. கோட்பாடு ஏற்கும் பொருளைக் காது ஏற்க மறுக்கிறது. இதை நான் ஒரு குறையாகவே எண்ணுகிறேன்.

இதே கோட்பாட்டுக்குள் ஒரு கிளைவழியும் உண்டு. டேவிட் லெபோ 1988இல், பெயர் தானே அவாவி நிற்கும் உறுப்புக்கும், பின்னர் வந்து ஒட்டிய அடைக்கும் வேறுபாடு கண்டார். அடை, பெயர்வு முடிந்த பிறகும் ஒட்டலாம் என்பதால் அதற்குள்ளிருக்கும் இயற்பெயருக்குப் பழைய இடத்தில் பிரதியே கிடையாது என்பது வாதம். ‘கமலா பறித்த கொழுந்தை அவள் ஸ்டோரில் கொடுத்தாள்’ என்பதில் பறித்தவளும் கொடுத்தவளும் ஒருத்தியாக இருக்கலாம். ‘கமலா தோற்ற செய்தியை அவள் மறைத்தாள்’ என்பதில் முடியாது என்று இந்த வாதம் எதிர்பார்க்கிறது. தமிழிலோ ‘பறித்த’, ‘தோற்ற’ இரண்டும் பெயரெச்சங்கள். எவ்வளவு முறை சொல்லிப் பார்த்தும் என் காதுக்கு இவ்விரண்டிலும் வேறுபாடு தட்டுப்படவில்லை. உங்கள் காது எப்படியென்று பாருங்கள்.

அடுத்து, பெயர்வே இல்லை என்போர். ஜோன் பிரெஸ்னனும் ரொனால்ட் கப்லனும் 1982இல் முன்வைத்த சொற்செயற்பாட்டு இலக்கணத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்று சொற்கள் நிற்கும் வரிசையைக் காட்டும். மற்றது எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்ற உறவை மட்டும் காட்டும். ‘தன் மகளை’ முன்னே போனாலும் பின்னே போனாலும் இரண்டாம் வரைபடத்தில் செயப்படுபொருளாகவே இருக்கிறது. ஆகவே (2), (8) இரண்டுக்கும் எதையும் திருப்பி வைக்க வேண்டியதில்லை. முன்பின் வரிசையும் ஒரு வகை மேன்மையைத் தருகிறது என்று பிரெஸ்னன் பின்னர் சேர்த்துக்கொண்டார். அதைச் சுட்டுப்பெயருக்கு மட்டும் உரியதாக வைத்தால் (3), (6), (7), (9) எல்லாம் ஓரளவு வரிசைக்கு வந்துவிடுகின்றன. வேற்றுமை உருபுடைய தமிழ்போன்ற மொழிக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; (5)ஐ மட்டும் உறவு ஒரு பக்கமும் வரிசை மறுபக்கமும் இழுக்கின்றன. நம் தயக்கத்துக்குக் காரணம் அந்த இழுபறியாகவே இருக்கலாம்.

கார்ல் பொலார்ட், ஐவன் சாக் ஆகியோர் 1994இல் விரிவாக்கிய தலைமைசார் தொடரமைப்பு இலக்கணம் வேறொரு பட்டியலை நம்புகிறது. ஒவ்வொரு வினையும் தனக்கு வேண்டியவற்றை எழுவாய் முதலாகத் தரவரிசைப்படுத்தி வைத்திருக்கும். பிணைப்பு அந்தப் பட்டியலில் நடக்கும், மரத்தில் அன்று. (2), (4) சுலபமாகத் தீர்கின்றன. (5) எப்படிச் சொன்னாலும் (4)ஐப் போலவே கெடும் என்றாகிறது, (6)க்கும் (7)க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லப் பட்டியல் மட்டும் போதவில்லை.

போலீன் ஜேக்கப்சன் 1999இல் விரிவாக முன்வைத்த மாறியற்ற பொருண்மையியலை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பொறுமை வேண்டும். இதில் பிரதியும் இல்லை, தடமும் இல்லை. ‘தன் பிள்ளையை’ என்பது ஓர் ஆளைக் குறிக்காமல், யாரைத் தந்தாலும் அவருடைய பிள்ளையைத் திருப்பித் தரும் ஒரு செயலியாக நிற்கிறது. ஆளைத் தரும் பொறுப்பு வினையுடையது. பின்னர் வந்து சேரும் உறுப்பை எடுத்து முன்னர் சேர்ந்த உறுப்பின் வெற்றிடத்தை வினை நிரப்புகிறது. (8)இல் ஒவ்வொரு தாயும் வந்து சேரச் சேர வெற்றிடம் அவரவருக்கு ஏற்ப நிரம்புகிறது. (6)க்கு வினை தன் உறுப்புகளை மாற்று வரிசையிலும் ஏற்கும் என்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். தற்சுட்டும் சுட்டுப்பெயரும் ஏன் வேறாக நடக்கின்றன என்பதற்கு இந்தக் கோட்பாடு தானாக விடை தருவதில்லை.

கடைசியாக, வாக்கியத்தைக் கேட்கும் வரிசையிலேயே பொருளைக் கட்டிச் செல்லும் இயங்கு தொடரியல். ரூத் கெம்சனும் அவருடன் பணியாற்றியோரும் 2001இல் நூலாக்கிய கோட்பாடு இது. முன்னால் வந்த ‘தன் மகளை’ என்பது எந்தக் கிளையில் பொருந்துமென்று முடிவாகாமல் கையில் பிடித்து வைக்கப்படுகிறது. வினை வந்ததும் அதற்குரிய இடத்தில் வைக்கப்படுகிறது. ‘அவள்’ வந்தால், அதுவரை கேட்டவற்றுள் ஒருத்தியைக் கேட்பவர் தேடுகிறார். (3)இல் அதுவரை யாரும் வரவில்லை, ஆகவே வாக்கியத்துக்கு வெளியே போகிறார். (5)இல் கமலா ஏற்கெனவே வந்துவிட்டாள். ‘தன்’ காத்திருக்கலாம், ‘அவள்’ காத்திருக்காது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் என் வகுப்புப் பிள்ளைகளின் தீர்ப்புகளோடு மிக நெருங்கி வருவது இதுவே.

இந்த வரிசையில் தொல்காப்பியத்துக்கும் ஓர் ஆசனம் போட வேண்டும். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கே வினைகொள்ள வருமிடத்துச் சுட்டுப்பெயரை முன்னால் சொல்லார், இயற்பெயருக்குப் பின்னரே வைப்பர் என்று ஒரு நூற்பா இருக்கிறது. அதையடுத்த நூற்பா, ‘முற்படக் கிளத்தல் செய்யுளுள் உரித்தே’ என்று விலக்குத் தருகிறது. (3)இன் சங்கடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த நூற்பா சுட்டுப்பெயரைப் பற்றியது, தற்சுட்டை அதில் சேர்க்கவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஐந்தாம் படி: ஆட்களிடம் கேட்கும் முறை

‘இந்த வாக்கியம் சரியா?’ என்று கேட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். முதலில் ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லுங்கள். பின்னர் வாக்கியத்தைச் சொல்லி, ‘யாருடைய மகள்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘கமலா திட்டினாள்’ என்று எழுத்துத் தமிழில் கேட்பதைவிட ‘கமலா அவ மகள ஏசுனா’ என்று வீட்டில் பேசுவதுபோல் கேட்பது நம்பகமானது. ஆனால் பேச்சில் பலர் ‘தன்’ என்பதை விட்டு ‘அவ’ என்றே சொல்லிவிடுகிறார்கள் என்பதால் (2)உம் (3)உம் ஒன்றாகக் கலந்துபோகும் அபாயம் உண்டு. ‘தன்னோட’ என்று வாயில் வரும் ஆளைத் தேடிக் கேட்க வேண்டியிருக்கும். நிறுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘கமலாவின் மகளை’ என்று சொல்லி ஒரு மூச்சு விட்டால் (5) இலகுவாகிறது.

ஆறாம் படி: இரட்டை வாக்கியத்துக்குத் திரும்புங்கள்

இனி (1)ஐ எடுக்கலாம். அதில் ‘தன் பேரை’ உள்வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. கங்காணி, ராணி இருவரும் அதற்குப் பின்னால். பிரதிக் கோட்பாடும் சொற்செயற்பாட்டு இலக்கணத்தின் உறவு வரைபடமும் இரண்டு பொருளையும் சமமாக அனுமதிக்கின்றன. வரிசையைக் கேட்டுச் செல்லும் கோட்பாட்டின்படி, கையில் பிடித்து வைத்த ‘தன்’ முதலில் கிடைக்கும் எழுவாயில் இறங்கிவிடும், அது கங்காணி. கடிதம் படித்தவருக்கு நடந்ததும் அதுவே. ‘சொன்னார்’ என்ற வினை, யாருடைய வாயிலிருந்து செய்தி வருகிறதோ அவரை நோக்கித் ‘தன்’ என்பதை இழுக்கக்கூடியது. ஆனால் அந்த வினை கடைசியில்தானே வருகிறது.

(10) ராணி, தன் பேரைக் கங்காணி அரைப்பேராக எழுதிவிட்டதாகச் சொன்னார்.
(11) தன் பேரை ராணி, கங்காணி அரைப்பேராக எழுதிவிட்டதாகச் சொன்னார்.

(10)இல் முதலிலேயே ராணி வந்துவிடுகிறார். பெரும்பாலோர் அவருடைய பேர் என்றே கொள்கிறார்கள், கங்காணியின் பேர் என்ற வாசிப்பு முழுதாக மறைவதில்லை. (11)இல் ‘தன் பேரை’ உள்வாக்கியத்திலிருந்தே வெளியேறி மேல்வாக்கியத்துக்குப் போயிருக்கிறது. புதிய இடத்துக்கு அருகில் ராணி, பழைய இடத்துக்கு அருகில் கங்காணி. எந்தப் பிரதியில் பொருள் கொள்வது என்ற கேள்வி இதில்தான் மிகக் கூர்மையாக எழுகிறது. எனக்கு ராணி முந்துகிறார், வகுப்பில் கங்காணி என்போரும் உண்டு. ‘எழுதிவிட்டதாக’ என்பதை ‘எழுதிக்கொண்டதாக’ என்று மாற்றி மூன்றையும் மறுபடி சொல்லிப் பாருங்கள், ராணி மூன்றிலிருந்தும் விலகிவிடுவார்.

அன்று கடிதத்தைத் திரும்ப வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, ‘ராணியின் பேரைக் கங்காணி அரைப்பேராக எழுதியுள்ளார், இதனை ராணியே எம்மிடம் கூறினார்’ என்று எழுதிக் கொடுத்தேன்.